சிட்டம் கட்டிய கண்ணாடி நூல்

போன மாதம் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று என்னைத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அங்கே கருவிகளைப் பராமரிக்கிற பெண்ணுக்கு நான் பழைய ஆபரேஷன் தியேட்டர் ஆள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. "இப்பல்லாம் கண்ணாடி இழை வெளிச்சம் மட்டும் காட்டுறதில்ல தாத்தா. இருதயத்துக் குழாய்க்குள்ள போயி அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு அதுவே சொல்லிருது. ஒங்க காலத்துல எப்படி இருந்துச்சு? எங்க சங்கத்து மலருக்கு எழுதித் தாங்க" என்றாள். தொண்டை மரத்துப்போயிருந்த நேரம். மறுத்துப் பேச முடியாமல் தலையை ஆட்டிவிட்டேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் நிறைய உண்டு. ஆனால் அந்தக் கதைகளை என் பேரப்பிள்ளைகளே கேட்பதில்லை. அதனால் நான் கெடுத்த காரியம் ஒன்றை எழுதுகிறேன். கருவி பார்ப்பவர்களுக்கு அதுதான் பயன்படும்.

எனக்குக் கடையநல்லூர். வாப்பா வீட்டிலேயே குழித்தறி போட்டிருந்தார். உம்மா நூல் சுற்றுவாள். ஐம்பதுகளின் நடுவில் தென்காசியில் டாக்டர் நெல்லையப்பன் என்பவர் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் வைத்தியம் பார்க்கச் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி தொடங்கி ஆள் தேடிக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏலே, தறியில இழை அறுந்தா முடிவியா?"

"கண்ணை மூடிக்கிட்டு முடிவேன் சார்."

"கண்ணைத் தொறந்துக்கிட்டு முடி. நாளைக்கு வா."

இழை முடியத் தெரிந்தவன் அவருக்கு ஏன் தேவைப்பட்டான் என்பது மறுநாள் தெரிந்தது. மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் கருவி அப்போது ஒரு முழ நீளத்தில் நேரான உலோகக் குழாய். அதன் பக்கத்துத் துவாரத்தில் மெல்லிய கம்பி ஒன்று போகும். கம்பியின் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு பல்பு. வெளியே பேட்டரிப் பெட்டி. அந்தப் பல்பு நோயாளியின் நெஞ்சுக்குள்ளே போய் எரியும். எப்போது வேண்டுமானாலும் அணையும், சரியாகத் திருகாவிட்டால் கழன்று நுரையீரலுக்குள் விழுந்தும் தொலைக்கும். அதைப் பொருத்த, கழற்ற, துடைக்க நெசவுக்காரன் விரல் தேவைப்பட்டது. பத்து வருஷத்துக்கு மேல் அந்த அரிசி விளக்குகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றுகூடக் கழன்று விழுந்ததில்லை.

டாக்டர் ஒவ்வொரு முறையும் குழாயைக் கையில் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்பார். "விளக்கு?" என்பார். "எரியுது" என்பேன். "கை?" என்பார். விளக்கின் நுனியை என் உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்ப்பேன். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிய வேண்டும். "சிவக்குது" என்பேன். அப்புறம்தான் நோயாளியின் பக்கம் திரும்புவார். ஒரே நாளில் நாலு பேர் இருந்தாலும் நாலு தடவையும் கேட்பார். எங்கள் தலைமை நர்ஸ் ரோசம்மா சிஸ்டர், கோட்டயத்துக்காரி, "இதும் ஒரு பிரார்த்தனை மாதிரி தன்னே" என்று சிரிப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் சாதாரணமாக என்னை ஏலே, வாலே என்றுதான் பேசுவார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "மைதீன், நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்று கேட்டால் ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து வருஷத்தில் இரண்டே தடவைதான் அப்படி அழைத்திருந்தார்.

அறுபதுகளின் பின்பாதியில் கண்ணாடி நூல் வந்தது. மெட்ராஸிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் கொண்டுவந்தார். சுண்டுவிரல் கனத்தில், ஓர் ஆள் நீளத்துக்குச் சாம்பல் நிறக் கேபிள். அதற்குள்ளே தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றார். பெரிய பல்பு ஒன்று பெட்டிக்குள் வெளியிலேயே எரியும். வெளிச்சம் மட்டும் இழை வழியாக நடந்து நெஞ்சுக்குள் போகும். சூடு போகாது, கழன்று விழ ஒன்றுமில்லை. எங்கள் பழைய குழாயிலேயே பொருந்தும்படி ஒரு கம்பியும் இருந்தது. முதல் நாள் டாக்டர் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, உள்ளுக்குள்ள விடிஞ்சுட்டுலே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு அபூர்வம்.

கம்பெனி ஆள் இங்கிலீஷில் சொன்னதை டாக்டர் எனக்குத் தமிழில் சொன்னார். கொதிக்க வைக்கக்கூடாது. எதன் மேலும் போடக்கூடாது. மடக்கக்கூடாது. மூன்றுக்கும் தலையாட்டினேன்.

நான் அதை ஒருநாளும் மடக்கவில்லை. நூலை மடக்கினால் கெட்டுப்போகும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, நடக்கிற வயதிலேயே தெரியும். எங்கள் வீட்டில் நூலைப் பத்திரமாக வைக்க ஒரே வழிதான். நாலு விரலில் வரிசை குலையாமல் நெருக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றை நடுவில் கொடுத்து இறுக்கிக் கட்டிச் சிட்டமாக்கி வைப்போம். சிக்காது, கசங்காது. கண்ணாடி நூலையும் அப்படியே சுற்றினேன். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஸ்பிரிட்டில் துடைத்து, நாலு விரலில் சுற்றி, நடுவில் வெள்ளை நாடாவால் இறுக்கிக் கட்டி, டப்பாவில் வைத்துப் பூட்டுவேன். கைக்கு அடக்கமாக, பார்க்கவே அழகாக இருக்கும். ரோசம்மா சிஸ்டர்கூட "மைதீன் வச்சா ஒரு சீரு உண்டு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் விடாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. ஆவணி பிறந்து சில நாள் இருக்கும், இலத்தூரிலிருந்து செண்பகம் என்ற பெண்ணை அவள் மாமியார் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம். இருபது வயதுகூட இராது. சீத்தாப்பழம் தின்னும்போது சிரித்திருக்கிறாள், புரையேறியிருக்கிறது. அன்றிலிருந்து இருமல், வலது நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம், உள்ளே ஏதோ இருக்கிறது என்கிறாள்.

"புரையேறுனது எனக்கும்தான் ஏறும். அதுக்கு நடவுக்கு வராம படுத்துக்கிடுவாகளா?" என்றார் மாமியார். "சிரிச்சுச் சிரிச்சுத் தின்னா. இப்போ அழுது அழுது நடிக்கா டாக்டரே."

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. விதை எக்ஸ்ரேயில் தெரியாது என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் குழாய் விட்டுப் பார்க்கத் தீர்மானித்தார். "விளக்கு?" "எரியுது." "கை?" "சிவக்குது." கால் மணி நேரம் பார்த்தார். லேசாகச் சிவந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார்.

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியாட்டி?" என்றார். அவ்வளவுதான். நான் அப்போது மேஜைப் பக்கம் நின்று கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, குற்றாலத்தில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் குரல் கம்மிப்போய் வந்திருந்தார். குழாய் விட்டுப் பார்க்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. சாரல் காலத்தில் அது சகஜம்தான். டாக்டர் அசையாமல், "ஏலே, பழசை எடு" என்றார். பேட்டரிப் பெட்டியையும் அரிசி பல்பையும் எடுத்துப் பொருத்திக் கொடுத்தேன். அவர் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு வேலையை முடித்துப் பெரியவரை அனுப்பினார்.

கரண்ட் வந்ததும் ஒரு வெள்ளைத் துணியை மேஜையில் விரிக்கச் சொன்னார். ஒரு பக்கம் பழைய பல்பு, ஒரு பக்கம் புதுக் கேபிள். இரண்டையும் துணியின் மேல் பிடித்தார். பழசுதான் வெளிச்சமாக இருந்தது.

"மைதீன், நீங்க கொஞ்சம் இங்க வாங்க."

போனேன்.

"காலையில கை சிவந்துச்சா?"

"சிவந்துச்சுன்னு சொன்னேன் சார்."

"சிவந்துச்சான்னு கேக்குதேன்."

புது விளக்கு வந்தபின் அணைகிற பயம் போய்விட்டது. பயம் போனதும் பார்க்கிற பழக்கமும் போய்விட்டது. கையை மூடுவேன், வாய் தானாகச் சொல்லும். அன்று காலை பார்த்தேனா என்று யோசித்தால் நினைவுக்கே வரவில்லை.

டாக்டர் கம்பெனிக்குக் காகிதம் எழுத வேண்டும் என்று ரோசம்மா சிஸ்டரிடம் பேனா கேட்டார். சரக்கு மோசம், மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்றார். நான் கேபிளின் ஒரு முனையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, மறுமுனையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நல்ல இழை ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தது. அறுந்த இழையைப் பார்த்தே வளர்ந்தவன் நான், அது அறுந்த இழை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேபிளை என்னைத் தவிர வேறு யாரும் துடைத்து எடுத்து வைத்ததுமில்லை.

ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். கம்பெனி எங்கோ இருக்கிறது, மாற்றிக் கொடுத்துவிடும். வேலை போனால் நான் திரும்பிக் குழித்தறியில்தான் இறங்க வேண்டும்.

"காயிதம் வேண்டாம் சார். நான் சுத்தி வச்சதுலதான் போயிருக்கும்" என்றேன்.

"எப்படிச் சுத்துனீங்க?"

"நூல் மாதிரி."

"சுத்திக் காட்டுங்க."

அவர் முன்னால் நின்று நாலு விரலில் சுற்றினேன். வரிசை குலையவில்லை. கடைசிச் சுற்றை நடுவில் கொடுத்து இறுக்கினேன். தியேட்டரில் சத்தமே இல்லை. அப்போதுதான் கேட்டது, உப்புக் கல்லை நகத்தால் நுணுக்குகிற மாதிரி மிகச் சின்ன நெறுநெறுப்பு. இத்தனை மாதமும் அந்தச் சத்தம் வந்திருக்கும். தண்ணீர்ச் சத்தத்திலும் பேச்சிலும் எனக்குக் கேட்காமல் போயிருக்கிறது. மூன்று பேரும் கேட்டோம். ரோசம்மா சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நான் மடக்காதேன்னு சொன்னேன். சுத்தாதேன்னு சொல்லல" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு நோயாளிகள் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கேபிள் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். பலருக்குக் காரணம் கண்டுபிடித்து வைத்தியம் நடந்திருந்தது. சிலர் குணமாகித் திரும்ப வந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விரல் ஓரிடத்தில் நின்றது. செண்பகம், இலத்தூர். எதிரே அவர் கையெழுத்திலேயே, ஒன்றுமில்லை.

"சீத்தாப்பழ விதை என்ன நிறம்?" என்று கேட்டார்.

"கறுப்பு சார்."

"இந்த வெளிச்சத்துல நான் எதைப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னேன்?"

அன்று மத்தியானமே சைக்கிளில் இலத்தூருக்குப் போனேன். டாக்டர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கூப்பிடக்கூடாது. முதல் தடவை எங்கள் பக்கம் தப்பு என்று அந்த வீட்டு ஆட்கள் காதில் விழச் சொல்ல வேண்டும். சாரலில் நனைந்துகொண்டே மிதித்தேன். குளத்தங்கரை வரும்போது திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டு முற்றத்தில் ஒரு தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை செண்பகத்தைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறார்கள். வேலைக்கு வணங்காதவள், பொய்க்காரி என்று முடிவாகிவிட்டது. புருஷன்காரன் வாசல்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். இதற்கிடையில் வேப்பிலை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரியிலேருந்து இங்கன?" என்றார் மாமியார்.

"பெரியம்மா, அன்னைக்கு நாங்க பாத்தது சரியில்ல. வெளக்குல வெளிச்சம் பத்தல. அந்த வெளக்கைக் கெடுத்தவன் நான்தான். தெரியாமச் செஞ்சிட்டேன்."

"அப்போ இவ சொன்னது நெசம்ங்கிறியா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஆனால் எனக்குத் தெரியாதே. "அது தெரியாது பெரியம்மா. உள்ள ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா ஒண்ணுமில்லன்னு நாங்க சொன்ன சொல்லு செல்லாது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

மாமியார் யோசித்தார். "இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னா பெட்டி அங்கனேருந்தே போயிரும், பாத்துக்கோ" என்றார். செண்பகம் எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவள் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை. தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்தை அடித்து, மேஜையின் விளிம்புக்கு வெளியே தலை வருமாறு படுக்க வைத்தோம். ரோசம்மா சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டாள். கேபிள் டப்பாவைத் திறக்கவே இல்லை. பழைய கம்பிகள் மூன்றில் புது பல்பு பொருத்தி வைத்திருந்தேன்.

"விளக்கு?"

"எரியுது."

"கை?"

மூடினேன். விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டாக்டர் காத்திருந்தார். "சிவக்குது சார்" என்றேன்.

ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். மேலே எரிந்த விளக்கையும் அணைத்தோம். குழாய் இறங்கியது. செண்பகத்தின் கால் விரல்கள் இரண்டு தடவை மடங்கி விரிந்தன. சளியை உறிஞ்சி எடுத்தார். மறுபடியும் உறிஞ்சினார். குழாயைத் துளித் துளியாக வலது பக்கம் திருப்பினார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பெட்டி போய்விடும், நான் கொடுத்த நம்பிக்கையால் அவளுக்கு இரண்டு மடங்கு அவமானம்.

டாக்டர் தலையை எடுக்காமல் இடது கையை மட்டும் நீட்டினார். நீண்ட இடுக்கியை வைத்தேன். உள்ளே போயிற்று, வெறுமையாக வந்தது. "வழுக்குது" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழுக்குவதற்கு உள்ளே ஏதோ இருக்கிறது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. மூன்றாவது தடவை இடுக்கியும் குழாயும் சேர்ந்து வெளியே வந்தன. தட்டில் டிக் என்று ஒரு சத்தம்.

"கிட்டி" என்றாள் ரோசம்மா சிஸ்டர்.

சீத்தாப்பழ விதை. கறுப்பாக, பளபளவென்று, அன்றைக்குத்தான் துப்பியது மாதிரி இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஏலே, கொண்டுபோயி அந்தம்மாகிட்ட காட்டு" என்றார். மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தார். தட்டைப் பார்த்தார். விரலால் விதையைத் தொட்டு உருட்டினார். எழுந்து உள்ளே வந்து, மேஜை ஓரத்தில் நின்று, மருமகள் கடைவாயில் ஒழுகிய எச்சிலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

செண்பகத்துக்குத் தொண்டை மரப்பு விலகக் கொஞ்ச நேரம் பிடித்தது. குரல் வந்ததும் தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் பக்கத்தில் போனேன். அவளே முந்திக்கொண்டு பேசினாள்.

"ஒண்ணுமில்லன்னு நீங்கள்லாம் சொன்ன பெறவு எனக்கே சந்தேகம் வந்துட்டு அண்ணாச்சி. நாந்தான் நடிக்கேனோன்னு. அதனால இருமல் வந்தாக்கூட அடக்கிக்கிட்டேன்."

மூன்று வாரம் அடக்கியிருக்கிறாள், எங்கள் வார்த்தையை நம்பி.